1300டி-க்கு அப்புறம் எது?

இரண்டு வருடம் முன்னால் குலசேகரன்பட்டினம் தசராவில் ஒரே ராத்திரியில் ஆயிரத்துச் சொச்சம் படம் எடுத்துவிட்டு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், நாலு பேரிடம் காட்டலாம் என்று தேறியது நாற்பதுகூட இல்லை. காளி வேஷம் கட்டினவர் மேளத்துக்கு நடுவே சுழன்று ஆடுகிறார், நேரில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது, படத்திலோ கிரீடம் ஒரு சிவப்புக் கோடு, முகம் ஒரு தீற்றல், பின்னால் இருந்த டீக்கடை போர்டு மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத் தெளிவு. கேமரா பழசாகிவிட்டது, மாற்றிவிட வேண்டியதுதான் என்று அந்த ராத்திரியே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு பாதி சரி, பாதி தப்பு என்று புரிய ஒன்றரை வருடம் ஆனது.

என்னிடம் இருந்தது கேனன் 1300டி. 2016-இல் வந்த மாடல், 18 மெகாபிக்சல், ஒன்பது ஃபோகஸ் புள்ளி, நொடிக்கு மூன்று படம். பெட்டியிலேயே வந்த 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸ், எண்கள் மில்லிமீட்டர், கூடக் கூடத் தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும். ஆரம்ப விலை டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்கி, கல்யாணம், கோயில் கொடை, குழந்தை, குருவி என்று கிடைத்ததையெல்லாம் எடுத்துப் பழகி, இப்போது "அடுத்து என்ன?" என்று நிற்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நிக்கான் டி3400, டி5300 வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான், சில இடங்களில் மட்டும் மாறும், அதை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். 1300டி வைத்திருக்கிறேன், மாற்ற வேண்டும் என்றதும் அவர் எடுத்து வைத்தது 1500டி. "24 மெகாபிக்சல் சார், உங்களோடது 18-தான்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் வந்து கணக்குப் போட்டேன். என் கேமராவில் படத்தின் அகலம் 5184 பிக்சல், அதில் 6000. ஆறடி அகலத்துக்கு அடிக்கிற பேனரை அதே நேர்த்தியோடு ஏழடிக்கு அடிக்கலாம், அவ்வளவுதான் அந்த ஆறு மெகாபிக்சல். ஃபோகஸ் புள்ளி அதே ஒன்பது, வேகம் அதே மூன்று, உள்ளே இருக்கும் பிராசஸர்கூட அதே தலைமுறை. இன்னொரு வேடிக்கை, ஃபிளாஷ் மாட்டுகிற ஷூவில் 1300டி-யில் நடுவில் ஒரு பின் உண்டு, 1500டி-யில் அதை எடுத்துவிட்டார்கள், ஆகவே அந்த ஒரு பின்னை மட்டும் நம்பி வேலை செய்கிற விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷ்கள் அதில் எரியாது. காசு கொடுத்து ஒரு படி கீழே இறங்கியிருப்பேன்.

அப்புறம்தான் பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போனேன், முப்பது வருடமாகக் கல்யாண வீடு எடுக்கிறவர். "எந்த கேமரா வாங்கலாம்னு கேக்குதீங்க, சரி. எந்தப் படம் கெட்டுப்போச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. கெட்டதைத் தாண்டிப் போய் நல்லதைத்தானே எல்லோரும் பார்ப்போம். நல்லவேளை, சோம்பேறித்தனத்தில் நான் எதையும் அழிப்பதில்லை, எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கெட்ட படங்களைப் பிரித்தேன். கெடுவதிலும் வகை இருக்கிறது. பின்னணி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால், ஆள் அசைந்த வேகத்துக்கு ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது. ஆளும் சுவரும் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. முகம் மங்கி, அதே படத்தில் பின்னால் நிற்கும் வேறு யாரோ, அல்லது முகத்துக்கு முன்னால் இருக்கும் சூலாயுதம் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எல்லாம் கூர்மை, ஆனால் மணல் தூவின மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தால் அது நாய்ஸ். எல்லாம் சரி, ஆனால் பறவை ஒரு கடுகு அளவுக்கு மூலையில் இருந்தால் லென்ஸின் எட்டம் போதவில்லை. ஐந்துக்கும் ஐந்து மருந்து. கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் கொடுப்பார்கள்.

எந்தப் படம் என்ன ஷட்டர் (நொடியில் எவ்வளவு நேரம் திறந்திருந்தது), என்ன ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டியது), எத்தனை எம்எம் என்பதெல்லாம் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். டிஜிகேம் என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு, லைட்ரூமிலும் முடியும், மெட்டாடேட்டாவை வைத்துச் சலித்தெடுக்கலாம். தசரா படங்களில் முக்கால்வாசி முதல் வகை. 55 எம்எம்மில், எஃப்/5.6-இல், ஐஎஸ்ஓ 6400-இல், ஷட்டர் 1/30. எஃப் எண் என்பது லென்ஸின் துவாரம், அதாவது அப்பர்ச்சர், எண் சின்னதானால் உள்ளே வருகிற வெளிச்சம் கூடும். ஆடுகிற ஆளை நிறுத்த 1/250-ஆவது வேண்டும். 1300டி-யில் வழக்கமான ஐஎஸ்ஓ 6400-ஓடு முடிந்துவிடும், அதற்கு மேல் ஒரு படி வலுக்கட்டாயமாகப் போகலாம், போனால் படம் பார்க்கச் சகிக்காது. வெளிச்சம் எட்டு மடங்கு பற்றவில்லை என்பதுதான் என் நோய்.

எட்டு மடங்கு வெளிச்சத்தை எங்கே வாங்குவது? இங்கேதான் ஒப்பீடே ஆரம்பிக்கிறது.

ஃபுல் ஃபிரேம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். சென்சார் என்பது படம் பதிகிற சில்லு, ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், என்னுடைய ஏபிஎஸ்-சி சென்சார் 22.3-க்கு 14.9. பரப்பளவில் 2.6 மடங்கு. ஒரே அப்பர்ச்சர், ஒரே ஷட்டர் என்றால் சென்சார் பெரிதானதால் கிடைக்கும் லாபம் அந்த 2.6 மடங்குதான், எட்டு இல்லை. அதே சமயம் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் ஒன்று, பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைப்பது, எஃப்/5.6-ஐவிட ஏறக்குறையப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள். 1/30 என்பது 1/300 ஆகிறது, அதே பழைய பாடியில், அதாவது லென்ஸ் நீங்கலான அதே கேமராவில்.

அந்த லென்ஸை வாங்கினேன். அடுத்த தசராவுக்கு அண்ணாச்சி தன் பழைய 6டி-யையும் 24-105 எஃப்/4 லென்ஸையும் ஒரு ராத்திரிக்குக் கொடுத்தார், "ரெண்டையும் எடுத்துட்டுப் போய்ட்டு வாங்க, வந்து பேசுவோம்" என்று. 6டி 2012-இல் வந்தது, 20 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம், இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் நிறையக் கைமாறுகிறது, அவர் எனக்குச் சொன்ன விலை பாடி மட்டும் முப்பத்தைந்தாயிரம். கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று, கடற்கரை மணலில் சூரசம்ஹாரக் கூட்டத்தில் இடி வாங்கிக்கொண்டு எடுத்தேன்.

6டி படங்களில் தோலின் நிறம் எனக்கு அவ்வளவு பிடித்தது. நிழலில் புள்ளி இல்லை. ஆனால் எஃப்/4-இல் ஐஎஸ்ஓ 6400 வைத்தால் 1/60, ஐஎஸ்ஓவை 12800-க்கு ஏற்றினால் 1/125, குரங்கு வேஷக்காரர் குதித்தபோது அதுவும் போதவில்லை. பழைய 1300டி-யில் மாட்டின 50 எம்எம் ஆளை அப்படியே நிறுத்தியது, புள்ளி புள்ளியாகத்தான், ஆனால் நிறுத்தியது. ஓடுகிற ஆளை எஃப்/4 போட்ட ஃபுல் ஃபிரேமைவிட எஃப்/1.8 போட்ட சின்ன சென்சார் நன்றாகப் பிடிக்கும், வெளிச்சக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு முன்னால் நிற்கும். அந்த 50-ஐயே கழற்றி 6டி-யில் மாட்டினபோதுதான் ஃபுல் ஃபிரேமின் அருமை தெரிந்தது, வேகமும் வந்தது, புள்ளியும் போனது. ஆகவே ஃபுல் ஃபிரேம் வாங்குகிறவர் அதற்கேற்ற லென்ஸுக்கும் சேர்த்துக் காசு வைத்திருக்க வேண்டும், பாடி வாங்கியதோடு கை காலியாகிவிட்டால் பழைய இடத்திலேயே நிற்பீர்கள்.

இதில் ஒரு குழி உண்டு. என் 18-55, 55-250 இரண்டும் ஈஎஃப்-எஸ் வகை, ஏபிஎஸ்-சி கேமராவுக்கென்றே செய்தவை. 6டி-யிலோ 5டி வரிசையிலோ மாட்டவே மாட்டாது. 50 எம்எம் ஈஎஃப் வகை, அது மாட்டும். லென்ஸ் இருக்கிறது, பாடி மட்டும் வாங்கினால் போதும் என்று நினைத்துச் செகண்ட் ஹேண்ட் ஃபுல் ஃபிரேம் வாங்கிவிட்டு முழித்த ஒருவரை எனக்குத் தெரியும். நிக்கானில் இந்தக் குழி வேறு இடத்தில் இருக்கிறது. டி3400, டி5300 மாதிரி பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, ஆகவே விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் எஃப்/1.8டி வாங்கினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கிற கண்ணாடி இல்லாத புது வகையான மிரர்லெஸுக்குப் போய், பழைய லென்ஸை மாட்டுகிற எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் அந்த டி வகை லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது. 50 எம்எம்மில் எழுத்து ஜி என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

50 எம்எம்மில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 1300டி-யில் அது 80 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும், குலசைக் கூட்டத்தில் இரண்டு அடி பின்னால் போக இடம் கிடையாது, போனால் யார் காலையாவது மிதிப்போம். முழு ஆள் வராது, இடுப்புக்கு மேல்தான். இன்னொன்று, எஃப்/1.8-இல் கூர்மையாக இருக்கிற ஆழம் சில அங்குலம்தான், 1300டி-யின் ஒன்பது புள்ளிகளில் இருட்டில் நம்பலாம் என்பது நடுப் புள்ளி ஒன்று மட்டும், அதை முகத்தில் வைத்துப் பூட்டி, அப்புறம் ஃபிரேமை நகர்த்துவதற்குள் ஆள் ஒரு எட்டு வைத்துவிடுவார். முதல் வகை நோய் போய் மூன்றாம் வகை வந்தது. கெட்ட படங்களின் கணக்கு பாதியாகக் குறைந்தது, மீதிப் பாதி எல்லாம் ஃபோகஸ்.

காசே செலவில்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது, வெட்கத்தோடு சொல்கிறேன், இதை நான் ஆறு வருடம் கவனிக்கவில்லை. 18-55 லென்ஸை 55-க்கு இழுத்தால்தான் எஃப்/5.6, 18-இலேயே வைத்தால் எஃப்/3.5, இரண்டரை மடங்கு வெளிச்சம். ஜூமைத் தொடாமல் நாம் நாலடி முன்னால் போனாலே போதும். அப்புறம் ரா ஃபைலில், அதாவது சென்சாரில் பதிந்ததை ஜேபெக் ஆக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைலில், எடுத்துவைத்திருந்தால் இப்போது வந்திருக்கும் நாய்ஸ் நீக்கும் மென்பொருள்களில் போட்டுப் பாருங்கள், லைட்ரூமில் 2023-இல் சேர்த்தார்கள், டிஎக்ஸ்ஓ-விலும் இருக்கிறது, என் பழைய ஐஎஸ்ஓ 6400 படங்கள் இன்று எடுத்தவை மாதிரி ஆகிவிட்டன. கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு படம் முடிவதற்குள் காப்பி குடித்துவிட்டு வரலாம். கல்யாண மண்டபம் என்றால் கோடாக்ஸ் மாதிரி ஒரு ஃபிளாஷ் வாங்கிக் கூரையில் அடித்துத் திருப்பினாலே போதும், புது பாடியைவிட அது பெரிய வித்தியாசம் காட்டும். குலசையில் கூரை கிடையாது, நேராக முகத்தில் அடித்தால் வேஷத்தின் மை, பொட்டு, வேர்வை எல்லாம் தட்டையாகிவிடும், எனக்குப் பிடிக்காது.

"போன் போதாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பகலில், வாட்ஸப்பில் அனுப்ப, குழந்தை சிரிக்கிற ஒரு நொடியைப் பிடிக்க, நல்ல போன் என் கேமராவைவிட வேகம். ராத்திரியிலும் அசையாத கோபுரத்தைப் பல படமாக எடுத்து ஒன்றாகக் கோத்து அருமையாகத் தருகிறது. ஆள் அசைந்தால்தான் கோக்க முடியாமல் குழம்புகிறது. போர்ட்ரெயிட் மோடில் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பாதி வெட்டிவிடும், அதைப் பார்த்தாலே போன் படம் என்று தெரிந்துவிடும். உங்கள் கெட்ட படங்களில் பறவையும் இல்லை, ராத்திரி ஆட்டமும் இல்லை என்றால், கேமராவை மாற்றுவதைவிடப் போனை மாற்றுவது நல்ல முடிவாகவே இருக்கலாம். இதைச் சொன்னால் கேமராக்காரர்களுக்குக் கோபம் வரும்.

பறவைக்கு வருகிறேன், ஏனென்றால் என் விஷயத்தில் பாடியை மாற்ற வைத்தது அதுதான். திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம், தை மாசியில் போனால் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் கூடு கட்டியிருக்கும், ஊர்க்காரர்கள் யாரும் கல் எறியவிட மாட்டார்கள். கூட்டில் உட்கார்ந்திருக்கும் நாரையை எடுக்க 1300டி-யும் 55-250-உம் தாராளம், கிட்டத்தில் இருக்கிறது, அசையவும் இல்லை. குளத்தின் மேல் பறந்து வரும்போதுதான் கதை மாறும். நாரை பெரிய பறவை, மெதுவாகத்தான் வரும், அதற்கே நடுப் புள்ளியைப் பறவையின் மேலேயே வைத்துத் துரத்த வேண்டும், நழுவினால் பின்னால் இருக்கும் கருவேல மரத்தைப் பிடித்துக்கொள்ளும். மீன்கொத்தி பாய்வதையெல்லாம் நொடிக்கு மூன்று படத்தில் பிடித்தால் அது லாட்டரி.

இங்கே பலரும் போகிற வழி ஒன்று உண்டு. நிக்கான் பி950 மாதிரி பிரிட்ஜ் கேமரா, லென்ஸ் கழற்ற முடியாது, ஆனால் 83 மடங்கு ஜூம், 2000 எம்எம் வரை எட்டும். பி1000 என்றால் 3000. இதைக் கேலி செய்கிறவர்கள் நிறைய, நான் செய்ய மாட்டேன், பறவை அடையாளம் கண்டு பட்டியல் போடுகிறவருக்கு இதைவிட மலிவாக அந்த எட்டம் கிடைக்காது. ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் சுமார் 6-க்கு 4.5 மில்லிமீட்டர், சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது, காலை ஆறரை மணி வெளிச்சத்தில் படம் சாம்பலாக வரும். வெளிச்சம் வரட்டும் என்று பத்து மணிக்கு மேல் எடுத்தால் குளத்தின் மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும், தூரத்துப் பூநாரை தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி நெளியும், அந்த நெளிவை எத்தனை ஆயிரம் எம்எம்மும் சரிசெய்யாது. பறக்கிற பறவையைத் துரத்துவதிலும் அது சுமார்தான். நான் வேண்டாம் என்றது இதனால்.

மிரர்லெஸ்தான் என்று முடிவானது. டிஎஸ்எல்ஆரில் புதிதாக முதலீடு செய்வதில் அர்த்தம் குறைவு, கேனன் தலைவரே 2021 கடைசியில் 1டிஎக்ஸ் மார்க் 3-தான் தங்கள் கடைசி உயர்நிலை டிஎஸ்எல்ஆர் என்று சொல்லிவிட்டார். அதற்காகக் கையில் இருப்பது நாளைக்கே கெட்டுப்போய்விடாது, செகண்ட் ஹேண்ட் விலை குறைவதற்கும் அதுதான் காரணம். ஆனால் நான் மிரர்லெஸுக்குப் போனதற்குக் காரணம் எதிர்காலம் இல்லை, என் மூன்றாம் வகைக் கெட்ட படங்கள். மிரர்லெஸில் ஃபோகஸ் சென்சாரிலேயே நடக்கிறது, நடுப் புள்ளி என்கிற தொல்லை கிடையாது, ஃபிரேமின் ஓரத்தில் இருந்தாலும் மனிதனின் கண்ணையும் பறவையையும் அதுவே கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிறது. வ்யூஃபைண்டரில் பார்க்கும்போதே படம் எவ்வளவு இருட்டாக வரும் என்று தெரிகிறது, எடுத்து எடுத்துப் பின்னால் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

கடைசியில் என் முன்னால் இருந்தவை கேனன் ஆர்50, ஆர்10, சோனி ஏ6400, நிக்கான் இசட்50-2, கொஞ்ச நாள் கனவாக செகண்ட் ஹேண்ட் சோனி ஏ7-3. கையில் லென்ஸே இல்லாமல் முதல்முதலாக வாங்குகிறவராக இருந்திருந்தால் நான் சோனி பக்கம் போயிருப்பேன், ஏ6400 2019-இல் வந்த பழைய மாடல் என்றாலும், அந்த மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டுகிற வாய், 2010-இலிருந்து இருப்பதால் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் புதிதும் பழையதுமாகக் குவிந்து கிடக்கின்றன, சிக்மாவின் 16, 30, 56 எம்எம் எஃப்/1.4 மூன்றும் இருட்டில் எடுக்கிறவனுக்கு வரப்பிரசாதம். கேனன் தன் ஆர்எஃப் மவுண்டில் வெளி லென்ஸ் கம்பெனிகளை ஏபிஎஸ்-சிக்கு விட்டதே 2024-இல்தான், அதுவரை ஆர்50, ஆர்10 வாங்கினவர்களுக்கு ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த லென்ஸ் என்றால் எஃப்/6.3, எஃப்/7.1 என்று இருட்டு ஜூம்களே கதி. இசட்50-2, 2024 கடைசியில் வந்தது, இந்த நாலில் கைப்பிடி எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், பறவையைத் தனியாகக் கண்டுபிடிக்கும் மோடும் இருக்கிறது, நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவர் வேறு எங்கும் தேட வேண்டாம். ஏ7-3 பாடிக்குள்ளேயே கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி, நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி, ஃபுல் ஃபிரேம், எல்லாம் சரி, அதற்கு ஒரு பறவை லென்ஸ் விலை கேட்டதும் கனவு கலைந்தது.

என்னிடம் மூன்று கேனன் லென்ஸ் இருந்தது. ஈஎஃப்-இலிருந்து ஆர்-க்கு மாற்றும் அடாப்டர் பத்தாயிரம் பக்கம், நடுவில் கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளையம், ஆனால் ஈஎஃப்-எஸ் லென்ஸும் மாட்டும், ஃபோகஸும், கை ஆட்டத்தைத் தாங்கும் ஐஎஸ்ஸும் பழையபடி வேலை செய்யும். 6டி-யில் மாட்டாத 55-250 இங்கே மாட்டும் என்பதுதான் எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம். வேறு கம்பெனிக்குத் தாவினால் இந்த மூன்றையும் பழைய விலைக்கு விற்றுவிட்டுப் புதிதாக மூன்று வாங்க வேண்டும், அந்த நஷ்டத்தை யாரும் ஒப்பீட்டு வீடியோவில் சேர்ப்பதில்லை.

ஆர்50-க்கும் ஆர்10-க்கும் இடையில் ஒரு மாதம் தடுமாறினேன். இரண்டிலும் 24 மெகாபிக்சல், பறவை, மனிதர், வண்டி என்று கண்டுபிடிக்கும் ஃபோகஸும் ஏறக்குறைய ஒன்றே. நான் விசாரித்தபோது ஆர்50 சின்ன லென்ஸோடு எழுபதாயிரத்தைச் சுற்றி, ஆர்10 பாடி மட்டுமே அதைவிடக் கொஞ்சம் கூட. குழந்தையையும் குடும்பத்தையும் எடுக்க, பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற என்றால் ஆர்50-யே எடுங்கள், பேட்டரி கார்டோடு 375 கிராம்தான், மீதிக் காசுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கலாம். எனக்கு மூன்று காரணம் ஆர்10 பக்கம் தள்ளியது. ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக் இருக்கிறது. ஷட்டருக்கும் அப்பர்ச்சருக்கும் தனித்தனி டயல், இருட்டில் மெனுவுக்குள் போகாமல் விரலாலேயே மாற்றலாம். மூன்றாவது, ஆர்50-யின் ஃபிளாஷ் ஷூவில் பழைய தொடர்பு முனைகள் இல்லை, என் பழைய ஃபிளாஷை மாட்ட இன்னொரு அடாப்டர் வாங்க வேண்டும், ஆர்10-இல் அப்படியே மாட்டலாம். மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம் என்பதும் உண்டு, மூன்றிலிருந்து வந்தவனுக்கு அது தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கிறது.

எலக்ட்ரானிக் ஷட்டரில் 23 வரை போகும், ஆனால் அதைக் கோயிலிலும் மண்டபத்திலும் போடாதீர்கள். எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிகிறது, படத்தில் பட்டை பட்டையாக வரிகள் விழும், ஒரு தடவை விழுந்துவிட்டால் அந்த வரிகளை நீக்குவது பெரும்பாடு. வேகமாகப் பறக்கும் சிறகும் வளைந்து வரும்.

ஆர்10-இல் வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாடிக்குள் கை ஆட்டத்தைத் தாங்கும் வசதி இல்லை, 50 எம்எம் லென்ஸிலும் இல்லை, ஆக இரண்டாம் வகைக் கெட்ட படம் இன்னும் வருகிறது. பேட்டரி சின்னது, பழைய கேமராவில் ஒரு சார்ஜில் ஐந்நூறு படம் என்பது சாதாரணம், இதில் பாதி நாளில் கண் சிமிட்ட ஆரம்பித்துவிடும், பழைய பேட்டரியும் இதில் நுழையாது. ஒரிஜினல் பேட்டரி இரண்டு என்று பட்ஜெட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கார்டும் அப்படித்தான், நொடிக்கு 15 படம் எடுக்கிற கேமராவில் பழைய மெதுவான கார்டைப் போட்டால் மீன்கொத்தி மீனை விழுங்கி முடிக்கும்வரை எழுதிக்கொண்டே இருக்கும்.

கூந்தன்குளத்தில் முதல் நாள், அதே 55-250-ஐ அடாப்டரில் மாட்டி எடுத்தேன். லென்ஸ் அதே, பறவை அதே, குளம் அதே, பறக்கிற நாரையில் பத்துக்கு ஏழெட்டுப் படம் கண்ணில் ஃபோகஸோடு வந்தது. முன்னால் இரண்டு வந்தால் அதிகம். ஆக ராத்திரிக்கு வேண்டியிருந்தது லென்ஸ், பறவைக்கு வேண்டியிருந்தது பாடி, இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எட்டம் இன்னும் போதவில்லைதான். ஆர்எஃப் 100-400 பார்த்து வைத்திருக்கிறேன், 635 கிராம்தான், ஆனால் 400-இல் எஃப்/8, விடியற்காலைக்கு ஆகுமா என்று யோசனை. சிக்மா 150-600 அடாப்டரில் மாட்டலாம், இரண்டு கிலோ பக்கம் எடை, என் தோள் இன்னும் சம்மதிக்கவில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நம் ஊரில் லென்ஸைக் கெடுப்பது பூஞ்சை. குற்றாலச் சாரல் காலத்தில் தோல் பையில் போட்டுப் பீரோவில் வைத்திருந்த என் 18-55-க்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிட்டது, முழுக்க என் தப்பு. லென்ஸின் ஒரு முனையில் போன் டார்ச்சை அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள், வலை தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பாடியில் எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை நிக்கானில் ஒரு ஜேபெக் படத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம், கேனனில் பெரும்பாலான மாடல்களில் அது படத்துக்குள் இருக்காது, விற்கிறவர் சொல்கிற எண்ணை நம்பாமல் அதற்கான மென்பொருளில் கேமராவை இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்கியதும் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், முந்நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

புது கேமரா என்றால் தீபாவளி ஆஃபர் வரும்வரை பொறுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், விலை குறையவும் செய்யும். ஆனால் தசரா தீபாவளிக்கு இருபது நாள் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. முழு விலை கொடுத்துத்தான் வாங்கினேன்.